நீங்களே தைக்கும் ஜாக்கெட்டுக்குக் கதகதப்பான நடு அடுக்கு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல் முறை நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். நன்றாகப் பொருந்திய ஒரு பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுக் காகிதம், கையில் இருந்தது. அதே அளவில் மேல்துணியையும் லைனிங்கையும் (உள்பக்கத் துணி) வெட்டி, இடையில் தடிமனான பாலியஸ்டர் வாடிங் (விரிப்பு போன்ற செயற்கைப் பஞ்சு) வைத்துத் தைத்தேன். பட்டனை இழுத்துப் பிடித்துத்தான் போட முடிந்தது, முழங்கையை மடக்கவே முடியவில்லை. இதையெல்லாம்விட வருத்தமான விஷயம், அவ்வளவு தடிமன் வைத்தும் அது சூடாக இல்லை. தோளிலும் முதுகிலும் துணி எங்கெல்லாம் இறுக்கிப் பிடித்ததோ அங்கெல்லாம் குளிர் நேராக உள்ளே ஏறியது.

காரணம் இதுதான். நம்மைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது பஞ்சோ கம்பளியோ அல்ல, அந்த இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும், ஆனால் அது ஓடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் இழைகளின் வேலை. அந்த அடுக்கை நசுக்கிவிட்டால் காற்று போய்விடும், மிஞ்சுவது வெறும் துணிதான். அதனால் நடு அடுக்கு வைக்கப் போகிறோமா இல்லையா என்பதைக் கத்தரியைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கடைசியில் திணித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் என் கதைதான் நடக்கும்.

இந்தக் கட்டுரையில் ஜாக்கெட் என்று நான் சொல்வது முழுக்கை வைத்து, முன்பக்கம் திறந்து, குளிருக்குப் போடும் ஜாக்கெட்டை, பிளவுஸை அல்ல. நடு அடுக்கு என்பது இன்டர்லைனிங். இதையும் கேன்வாஸையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காலரும் முன்பட்டியும் (முன் திறப்பின் ஓரத்தில் உள்பக்கம் வரும் மேல்துணிப் பட்டை) விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைப்பது கேன்வாஸ். அது குளிருக்காக வைப்பது அல்ல. நடு அடுக்கு வைத்தாலும் கேன்வாஸ் அதன் இடத்தில் வழக்கம்போல் இருக்க வேண்டும்.

எந்தத் துணி

முதலில் மேல்துணியைச் சோதித்துப் பாருங்கள். துணியை உதட்டருகே ஒற்றை அடுக்காக இழுத்துப் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து ஊதுங்கள். மூச்சு உள்ளங்கையில் தெளிவாகப் பட்டால் காற்றும் அப்படியே உள்ளே வரும். அந்தத் துணிக்கு அடியில் எவ்வளவு நல்ல ஃபிளீஸ் வைத்தாலும் காற்றடிக்கும் நாளில் பலன் குறைவுதான், ஏனென்றால் ஃபிளீஸ் தானே காற்றைத் தடுக்காது. இப்படிப்பட்ட மேல்துணிக்கு, நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித் துணி ஒன்றை நடு அடுக்குக்கு வெளிப்பக்கம், அதாவது மேல்துணியை ஒட்டி, கூடுதலாக வைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

நடு அடுக்குக்குப் பல துணிகள் உண்டு. பழக எளிதானது பருத்தி ஃபிளானல். மெல்லியது, வெட்டவும் தைக்கவும் வழுக்காது, மிதமான குளிருக்குப் போதும். ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், வியர்த்தாலும் மழையில் நனைந்தாலும் சில்லென்றாகிவிடும். அதோடு சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினால்கூட 60 செ.மீ. நீளமுள்ள முதுகுத் துண்டு 3 செ.மீ. குறையும், பிறகு மேல்துணி கீழே பை போலத் தொங்கும். எனவே வெட்டுவதற்கு முன் வெந்நீரில் இரண்டு முறை துவைத்துக் காய வையுங்கள்.

என் கருத்தில் ஒரு கோட்டுக்கு மிகப் பொருத்தமானது மென்மையான கம்பளி: கம்பளி ஃபிளானலோ, சற்றுத் தளர்வாக நெய்த கம்பளித் துணியோ. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. உடம்போடு வளைந்து கொடுக்கும், மேல்துணியின் விழுகையைக் கெடுக்காது. வெட்டும் முன் நீராவி இஸ்திரி போட்டுச் சுருக்கிவிடுங்கள்.

பாலியஸ்டர் வாடிங் எடை குறைவு, சூடு அதிகம், ஈரத்தை ஏற்காது, ஆனால் உப்பலாகத் தெரியும். இதே குடும்பத்தில் த்ரீஎம் நிறுவனத்தின் தின்சுலேட் போன்ற நுண்ணிழை வகைகள் உண்டு. இழை மெலிதாக இருப்பதால் அதே தடிமனுக்குள் அதிகக் காற்றைப் பிடிக்கும், ஆகவே உப்பாத ஜாக்கெட் வேண்டுமென்றால் இது நல்லது. ஃபிளீஸ் எல்லோரும் அறிந்தது. ஓரம் பிரியாது, சுருங்காது, புதிதாகத் தைப்பவர்களுக்கு வசதி. ஒரே தொல்லை, அது இழுபடும் துணி, அதனால் எப்போதும் மேசையில் தட்டையாகப் போட்டு, இழுக்காமல் வெட்ட வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஜாக்கெட்டை எப்படித் துவைப்பது என்பதைத் தீர்மானிப்பது அதிலேயே மிக மென்மையான அடுக்குதான். மேல்துணி வாஷிங் மெஷினில் போடக்கூடியதாக இருந்தாலும் உள்ளே கம்பளி இருந்தால் டிரை கிளீனிங் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு செய்யும் முன் மூன்று அடுக்கிலும் 15 செ.மீ. சதுரம் வெட்டி, ஒன்றாக வைத்து ஒரு ஓரம் தைத்து, கையில் கசக்கி, மேசை விளிம்பில் தொங்கவிட்டுப் பாருங்கள். அட்டை போல நீட்டிக்கொண்டு நின்றால் ஜாக்கெட்டும் அப்படித்தான் நிற்கும்.

எவ்வளவு லூஸ் விட வேண்டும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். உடம்பை ஒரு வட்டமாக நினைத்தால், நடு அடுக்கின் தடிமனை 6.28 ஆல் பெருக்கினால் வருவதுதான் மேல்துணிச் சுற்றளவில் கூட்ட வேண்டிய அளவு. 3 மி.மீ. ஃபிளானலுக்கு ஏறக்குறைய 19 மி.மீ., 5 மி.மீ. வாடிங்குக்கு 31 மி.மீ., 8 மி.மீ. தடிமனுக்கு 50 மி.மீ. அதாவது நாம் பொருட்படுத்தாத அந்த 5 மி.மீ. பஞ்சு, ஜாக்கெட்டின் லூஸில் 3 செ.மீ.யைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. தடிமனை அளக்கும்போது துணியை அழுத்தாதீர்கள். மேசையில் வைத்து, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, கண் மட்டத்தில் பாருங்கள்.

5 மி.மீ.க்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். பக்கத் தையலுக்கு நான்கு விளிம்புகள் உண்டு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றிலும் 8 மி.மீ. கூட்டினால் 32 மி.மீ. வந்துவிடும். கைக்குழியின் அடியை 5 மி.மீ. இறக்குங்கள். தோள்முனையில் முன், பின் இரண்டு துண்டுகளையும் 5 மி.மீ. உயர்த்தி, கழுத்துப் பக்கம் பழைய கோட்டிலேயே சேர்த்துவிடுங்கள். தோளுக்கு பேட் வைப்பதாக இருந்தால் உயர்த்துவதற்குப் பதில் பேடையே அந்த அளவுக்கு மெலிதாக்கிவிடலாம். கையிலும் அடித்தையலின் இரு விளிம்புகளில் அதே 8 மி.மீ. கூட்டுங்கள். பக்கத் தையலில் கூட்டியதும் கையில் கூட்டியதும் ஒன்றாக இருப்பதால் கையும் கைக்குழியும் தைக்கும்போது ஏறக்குறைய பொருந்திப் போகும். இருந்தாலும் இரண்டு வளைவுகளையும் டேப்பால் அளந்து சரிபாருங்கள். இதே மாற்றங்களை லைனிங் பேட்டர்னிலும் செய்துவிடுங்கள், பிறகு அதில் அக்குள் பகுதியை மட்டும் ‘சேர்த்துத் தைப்பது’ பகுதியில் சொல்லும் அளவுக்கு உயர்த்துங்கள்.

பேட்டர்ன் ஏற்கெனவே தடிமனான கோட்டுக்காக வரைந்ததாக இருந்தால் இந்த லூஸ் அதிலேயே இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: பழைய துணியில் ஒரு மாதிரி ஜாக்கெட் ஓட்டி, உள்ளே நடு அடுக்குத் துணியைக் குண்டூசியால் குத்தி, வழக்கமாக உள்ளே போடும் ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். இரு கைகளையும் முன்னால் குறுக்காகக் கட்டி, உங்கள் தோள்களை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். முதுகில் குறுக்கே இழுவை தெரிந்தால் பின்துண்டின் அகலம் போதவில்லை. பிறகு ஒரு கையை மேலே தூக்குங்கள். முழு ஜாக்கெட்டும் கூடவே ஏறினால் கை அகலத்தையும் கைக்குழியையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

எதோடு சேர்த்துத் தைப்பது

நடு அடுக்கை மேல்துணியின் உள்பக்கத்தில் பொருத்தலாம், அல்லது லைனிங்கின் வெளியே தெரியாத பக்கத்தில் பொருத்தலாம். மேல்துணியோடு பொருத்தினால் ஹெம்மிலும் (கீழ் ஓர மடிப்பு) முன் ஓரத்திலும் எல்லாத் தையலிலும் தடிமன் சேரும், பாக்கெட்டும் பட்டன் துளையும் சிரமமாகும். லைனிங்கோடு பொருத்தினால் மேல்துணியின் வேலைகள் எல்லாம் வழக்கம்போலவே நடக்கும், நடு அடுக்கு முன்பட்டி வரை வந்து நின்றுவிடும். முன்பட்டிப் பகுதியில் பஞ்சு இல்லையே, குளிராதா என்று கேட்பார்கள். அங்கே ஏற்கெனவே மேல்துணி இரண்டு மடிப்பு, கேன்வாஸ் ஒன்று, பட்டன் போட்டதும் ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறுவதால் எல்லாமே இரட்டிப்பு. எனவே லைனிங்கோடு பொருத்தும் வழியைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

வெட்டுவது

லைனிங் பேட்டர்னை வைத்துத்தான் நடு அடுக்கையும் வெட்ட வேண்டும், ஆனால் சில மாற்றங்களோடு. சுற்றிலும் 1 செ.மீ. பெரிதாக வெட்டுங்கள், பிறகு நறுக்கிவிடப் போகிறோம். நேர் இழை (துணியின் நீளவாக்கு இழை) லைனிங்கின் நேர் இழையோடு ஒத்துப்போகட்டும். கீழே மட்டும், ஜாக்கெட்டின் முடிந்த ஹெம் கோட்டுக்கு 2 செ.மீ. மேலேயே நடு அடுக்கு நின்றுவிட வேண்டும். கைமுனையிலும் அப்படியே. அங்கே தடிமன் போனால் ஹெம் உருண்டு நிற்கும்.

லைனிங்கின் முதுகு நடுவில் அசைவுக்காக ஒரு மடிப்பு விட்டிருப்பார்கள். அந்த மடிப்பை நடு அடுக்கில் வெட்டக் கூடாது, மூன்று மடங்கு தடிமனாகிவிடும். அதற்குப் பதில் நான் செய்வது இது: நடு அடுக்கின் பின்துண்டை இடம், வலம் என்று இரண்டாக வெட்டி, நடுவில் 4 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்து, கழுத்திலும் கீழேயும் மட்டும் கைத்தையலால் பிடித்துவிடுகிறேன். நடுவே தைப்பதில்லை. கையை முன்னால் நீட்டும்போது இரண்டு பாதிகளும் ஒன்றின் மேல் ஒன்று நழுவிக் கொடுக்கும். ஃபிளானலுக்கும் கம்பளிக்கும் இது அருமையாக வேலை செய்கிறது.

டார்ட் (உடம்பு வளைவுக்காகத் துணியில் தைக்கும் முக்கோண மடிப்பு) இருந்தால் நடு அடுக்கில் டார்ட் முக்கோணத்தையே வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு ஓரங்களையும் மோதினாற்போல் வைத்து, அடியில் மெல்லிய துணிப்பட்டை ஒன்று கொடுத்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள். மடிப்பே தெரியாது.

லைனிங்கோடு பொருத்துவது

மேசையில் லைனிங் துண்டை நல்ல பக்கம் கீழே வருமாறு விரித்து, கையால் நீவி, அதன் மேல் நடு அடுக்கை வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே போக வேண்டும், ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் காற்றும் சுருக்கமும் மாட்டிக்கொள்ளும். பிறகு நடுவில் நீளவாக்கில் ஒரு வரி, இருபுறமும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொரு வரி என்று சாய்வான கச்சா தையல் (பிறகு பிரித்து எடுக்கும் தற்காலிகக் கைத்தையல்) போடுங்கள், ஒவ்வொரு தையலும் 4, 5 செ.மீ. நீளம் இருந்தால் போதும். பின்துண்டில் மட்டும் லைனிங் மடிப்பை முதலில் மூடிக் கச்சா போட்டுவிட்டு அப்புறம் நடு அடுக்கை வையுங்கள்.

ஜாக்கெட் கைக்கான துண்டுகளைத் தட்டையாக வைத்துப் பொருத்தினால் போதாது. குளியல் துண்டு ஒன்றை உங்கள் கை தடிமனுக்கு உருட்டி, லைனிங்கின் நல்ல பக்கம் அந்த உருளையில் படும்படி சுற்றி, அதன் மேல் நடு அடுக்கைச் சுற்றிப் பாருங்கள். வெளியே இருக்கும் நடு அடுக்கு நீண்ட சுற்றுப் பாதையில் போவதால் ஓரங்களில் லைனிங்கைவிடப் பின்தங்கும். சுற்றிலும் 1 செ.மீ. அதிகம் விட்டது இதற்காகத்தான். அந்த வளைந்த நிலையிலேயே குண்டூசி குத்தி, அப்படியே கச்சா போட்டுவிடுங்கள். தட்டையாகப் பொருத்திய கையைப் போட்டுப் பார்த்தால் உள்ளே லைனிங் சுருங்கிச் சுருங்கி நிற்கும், ஒவ்வொரு முறை கையை நுழைக்கும்போதும் அது விரலில் மாட்டும்.

அடுத்து மெஷின். தையலுக்கு 1.5 செ.மீ. விட்டிருந்தால், லைனிங் ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. தள்ளி, நடு அடுக்கையும் லைனிங்கையும் சேர்த்து ஒரு தையல் ஓட்டுங்கள். 90 எண் ஊசி, தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. பிரஸ்ஸர் ஃபுட்டின் (மெஷினில் துணியை அழுத்தும் பாதம்) அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள், வாக்கிங் ஃபுட் (மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் அடுக்கு நழுவி முன்னால் போய்விடும். தைத்ததும், நடு அடுக்கு மேலே இருக்க, கத்தரியைத் துணிக்கு இணையாகப் படுக்க வைத்து, தையலுக்கு வெளியே இருக்கும் நடு அடுக்கை மட்டும் தையலை ஒட்டி நறுக்குங்கள். இடது கையால் லைனிங் ஓரத்தைக் கீழ்நோக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டால் தவறி வெட்டாது. அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. இந்த ஒரு வேலைதான் தையல்களைத் தட்டையாக வைக்கும், முடிந்த ஜாக்கெட்டில் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

வாடிங் என்றால்

வாடிங்கை ஓரங்களில் மட்டும் பிடித்தால் துவைக்கத் துவைக்கக் கீழே இறங்கிக் கட்டியாகிவிடும். எனவே குவில்டிங், அதாவது லைனிங்கையும் பஞ்சையும் சேர்த்து இடைவெளி விட்டு வரிவரியாகத் தைப்பது, வேண்டும். ஆனால் ஒவ்வொரு குவில்டிங் வரியும் பஞ்சை நசுக்கும் இடம், அந்த வரியில் சூடு குறையும். பஞ்சு விலகாமல் இருக்கத் தேவையான வரிகளுக்கு மேல் போடாதீர்கள். வாடிங்கின் உறையில் அதிகபட்ச இடைவெளி குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் 10 செ.மீ.க்கு ஒரு வரி என்று தொடங்கலாம்.

குவில்டிங் போட்டால் துணி குறுகும். எனவே துண்டை வெட்டிவிட்டுக் குவில்ட் செய்யக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும் 5 செ.மீ. பெரிய செவ்வகம் வெட்டி, குவில்ட் செய்து, அப்புறம் பேட்டர்னை வைத்து வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் தையலுக்கு விட்ட இடத்தில் உள்ள பஞ்சை மட்டும் பிய்த்து எடுத்துவிடலாம். இந்த வகையில் முதுகு மடிப்பு முடியாது, அதனால் லைனிங் முதுகு அகலத்தில் மொத்தம் 1.5 செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

இன்னொன்று: தளர்வாக நெய்த லைனிங் வழியே வாடிங் இழைகள் வெளியே வந்துவிடும். கறுப்பு லைனிங்கில் வெள்ளை முடி போலத் தெரியும், உள்ளே போடும் ஸ்வெட்டரிலும் ஒட்டும். நெருக்கமாக நெய்த லைனிங் எடுங்கள், அல்லது பஞ்சுக்கும் லைனிங்குக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துணி ஒன்று வையுங்கள்.

சேர்த்துத் தைப்பது

இனி, நடு அடுக்கு ஒட்டிய ஒவ்வொரு லைனிங் துண்டையும் ஒற்றைத் துணி என்றே பாவித்துத் தையுங்கள். தோள், பக்கம், பிறகு கை. கைக்கு நடு அடுக்கு உடம்பில் வைத்ததைவிட மெலிதாக இருப்பது நல்லது. உடம்புக்கு வாடிங், கைக்கு ஃபிளானல் என்று பிரித்து வைத்தால் கை தாராளமாக மடங்கும். லைனிங் வழுக்கும் துணியாகவே இருக்கட்டும், ஸ்வெட்டரோடு கையை நுழைக்கும்போது அருமை புரியும்.

அக்குளில் மட்டும் கொஞ்சம் கவனம். அங்கே மேல்துணியின் தையல் விளிம்பு மேல்நோக்கி நிற்கும், லைனிங் அதைத் தாண்டி வர வேண்டும். ஆகவே லைனிங்கின் கைக்குழி அடியையும் கையின் அடியையும் 1 முதல் 1.5 செ.மீ. உயர்த்தி வெட்டியிருக்க வேண்டும். அந்த இடத்தில் கைக்குழிக்குக் கீழே ஓர் உள்ளங்கையளவு நடு அடுக்கை வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. தடிமன் குறையும், வியர்வையும் தேங்காது.

இஸ்திரி விஷயத்தில் கம்பளிக்கும் பருத்திக்கும் நீராவி தாராளமாகக் கொடுக்கலாம். பாலியஸ்டர் வாடிங், ஃபிளீஸ், தின்சுலேட் மேல் சூடான இஸ்திரியை அழுத்தவே கூடாது. உருகும் அல்லது நிரந்தரமாகத் தட்டையாகிவிடும், பிறகு அது காற்றைப் பிடிக்காது. தையலை விரலால் பிரித்து அழுத்தி, தேவையானால் குறைந்த சூட்டில் இஸ்திரி முனையால் தையல் கோட்டை மட்டும் தொடுங்கள்.

லைனிங்கை ஜாக்கெட்டின் முன்பட்டியோடும் கழுத்தோடும் சேர்த்த பிறகு, கீழ் ஹெம்மை உடனே மூட வேண்டாம். ஹேங்கரில் ஒரு முழு நாள் தொங்கவிடுங்கள். மூன்று அடுக்குகளும் அதனதன் எடைக்கு ஏற்ப இறங்கி நிற்கும். அதன் பிறகு போட்டுக்கொண்டு, லைனிங் எங்கே நிற்கிறது என்று குண்டூசியால் குறித்து, 1 செ.மீ. மடிப்பு லூஸாக விழும்படி கையால் ஹெம் தையுங்கள். அந்த லூஸ் இல்லையென்றால் உட்காரும்போது லைனிங் மேல்துணியை இழுத்துப் பிடிக்கும். கச்சா தையல்களை, மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகே பிரித்து எடுங்கள்.

ஏற்கெனவே தைத்து முடித்த ஜாக்கெட்டுக்கு

அளவில் லூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஸ்வெட்டரோடு போட்டு, பட்டன் போட்டு, மார்புச் சுற்றில் கூடுதல் துணியைக் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 2 செ.மீ. மடிப்பாவது கிள்ள முடிந்தால், அதாவது துணிக் கணக்கில் 4 செ.மீ., ஃபிளானலோ மெல்லிய ஃபிளீஸோ தாராளமாக வைக்கலாம். அதற்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். லைனிங் ஹெம்மைப் பிரித்து, ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பினால் லைனிங்கின் மறைந்திருக்கும் பக்கம் கைக்கு வரும். கையில்லாத ஒரு வெஸ்ட் வடிவில், முன் இரண்டு, பின் ஒன்று என்று நடு அடுக்கை வெட்டி, லைனிங்கின் தையல் விளிம்புகளோடு மட்டும் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடியுங்கள். நல்ல பக்கத்தில் ஒரு தையல்கூடத் தெரியக் கூடாது. பிறகு ஹெம்மை மறுபடி மூடிவிடுங்கள், கைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.